குளிர் பக்கத்துச் சூடு

குளிர் பக்கம்தான் சூடாக இருந்தது.

ஜொய்சி கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குந்தியிருந்து, சின்னச் சதுரத்துக்குள் சிவப்பாக எரிந்த எண்ணை இன்னொரு தரம் பார்த்தாள். முப்பத்தாறு புள்ளி ஆறு. இருக்கவேண்டியது இருபத்தைந்து, மிஞ்சிப்போனால் இருபத்தாறு. சூடு கொடுக்கும் கறுப்பு விரிப்பு பெட்டியின் வலது கோடியில், கண்ணாடிக்கு அடியில் ஒட்டியிருந்தது. சூட்டை அளக்கும் வயரின் நுனியை அவள் வைத்திருந்ததோ இடது கோடியில். நடுவில் முழுசாக இரண்டடி இருந்தது. வெளியே தகரத்தின் மேல் மூன்று நாளாக ஓயாத மழை; சுவரெல்லாம் ஈரம் பூத்து, அலுமாரியில் மடித்து வைத்த துணிகூடச் சில்லென்று இருந்தது. இந்த லட்சணத்தில் குளிர் பக்கத்துக்கு மட்டும் எங்கிருந்து சூடு வந்தது? அவளுக்கு எரிச்சலாக வந்தது. பயமில்லை. அப்போது வெறும் எரிச்சல்தான்.

கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. அடுப்புச் சூடு இல்லை, கரண்ட் சூடும் இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாயைத் தொட்ட மாதிரி இருந்தது. கையை எடுத்து, எதற்கென்று தெரியாமல், பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் லோரன்ஸ் செய்த வேலை. அவள் புருஷன் லோரன்ஸ் கொழும்பில் மீன், கிளி, முயல் விற்கிற கடையில் இருக்கிறான். மாதத்துக்கு ஒரு தரம்தான் தெரணியகலை பஸ்ஸைப் பிடித்து, தேயிலையும் இறப்பரும் போட்ட இந்தத் தோட்டத்துக்கு வருவான். போன தடவை வந்தபோது மகள் ஸ்டெபானியின் கையில் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தான். திறந்தால் ஒரு சாண் நீளத்துக்குப் பல்லி. மஞ்சள் தோல், கபிலப் புள்ளி, மனுஷர் மாதிரி மூடித் திறக்கிற இமை. லெப்பர்ட் கெக்கோ என்று கடையில் சொல்வார்களாம். வால் மெலிந்துவிட்டது, இனி விலைபோகாது என்று முதலாளி ஒதுக்கிப்போட்டதை இவன் தூக்கி வந்துவிட்டான். ஆறு வயது ஸ்டெபானி அதைப் பார்த்த நிமிஷமே ‘மிக்சர்’ என்று பேர் வைத்துவிட்டாள். பேர் வைத்த பிறகு திருப்பி அனுப்புவது எப்படி?

“பாரு புள்ள, நமக்கு ஒடம்பே அடுப்பு” என்று லோரன்ஸ் பெட்டியை வைத்துக்கொண்டே பாடம் நடத்தினான். “இதுக்கு அப்பிடி இல்ல. வெளிய இருந்து சூட்ட வாங்கித்தான் உசுரு ஓடணும். வயித்துக்கு அடியில சூடு படலைன்னா தின்னது செமிக்காது, உள்ளுக்குள்ளயே அழுகிப்போகும். ஒரு பக்கம் முப்பத்திரண்டு, ஒரு பக்கம் இருபத்தஞ்சு. நடுவுல அதுவா நடந்து தனக்கு வேண்டியத எடுத்துக்கும்.”

பழைய மீன்தொட்டிதான் பெட்டி. தாங்குகிற மேசை வீட்டில் இல்லாததால் சிமெந்துத் தரையிலேயே, லயத்து வரிசையில் அவர்களுக்கு இருந்த ஒரே பெரிய அறையில், அந்தக் காம்பராவின் உள்சுவரோரம் வைத்தார்கள். ஒளிந்துகொள்ள மூன்று சிரட்டை. சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று, நடுவில் ஈரப் பஞ்சு வைத்த ஒன்று. சூடு ஏறினால் விரிப்பை நிறுத்தி, இறங்கினால் போட்டுவிடும் சின்ன மெஷினைத் தெரணியகலைக் கடையில் வாங்கி, அதன் வயர் நுனியைச் சூட்டுப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் அளந்து எண்ணை அனுப்பு என்று லோரன்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தான். வலது பக்கம் ஒழுங்காக முப்பத்திரண்டு. இடது பக்கம்தான் இப்படி.

விரிப்பின் பிளக்கைப் பிடுங்கினாள். அரை மணி நேரத்தில் வலது பக்கம் இருபத்துநாலுக்கு இறங்கியது. இடது பக்கம் முப்பத்தாறு புள்ளி ஆறிலேயே இருந்தது. புள்ளிக்குப் பிறகு இருந்த எண்கூட அசையவில்லை.

சனிக்கிழமை மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கடைக்காரர் கிருஷ்ணராஜ் அதை வாங்கி, வயர் நுனியைத் தன் உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். எண் மெல்ல ஏறி முப்பத்தாறைத் தாண்டியது.

“கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டிக்குத் தோட்டம் முழுக்க இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க தங்கச்சி. பொய் சொல்லாது. நீங்க சொல்ற எண்ணு ஆளு சூடு. பாப்பா வயரப் புடிச்சி வெளையாடியிருக்கும்.”

“பாப்பா அப்ப ஸ்கூல்ல, அண்ணே.”

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, வேறு மெஷின் எடுத்துக் கொடுத்தார். அதுவும் வீட்டுக்கு வந்து அதையேதான் காட்டியது. ஜொய்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றை வடிக்கும்போது எழுந்து வந்து பார்த்தாள். துணி அலசிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்து பார்த்தாள். கடைசியில் பெட்டியையே பிடித்து ஒரு முழம் அப்பால் இழுத்தாள். சிரட்டைக்குள் இருந்த மிக்சர் வெளியே வந்து முறைத்தது. பெட்டியின் அடி இப்போது சில்லென்று இருந்தது. சூடு அவள் இழுத்ததோடு வரவில்லை. அது தரையில் இருந்தது. ஒரு முறம் அளவுக்குச் சிமெந்து மட்டும் வெதுவெதுவென்று, நடுவில் கொஞ்சம் கூடுதலாக, ஓரத்தில் கொஞ்சம் குறைவாக. மற்ற இடமெல்லாம் கிணற்றடிக் கல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

பக்கத்துக் காம்பராவில் இருக்கும் திரேசா இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இறப்பர் பால் வெட்டியே ஐம்பதைத் தொட்டவள். மழைக்குப் பால்வெட்டு இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தவளிடம் ஜொய்சி போய்க் கேட்டாள்.

“திரேசாக்கா, எங்க காம்பராவுல முந்தி யாரு இருந்தா?”

“கணக்கப்புள்ள ஒருத்தரு. அவருக்கு முந்தி மருந்துக்காம்பரா ஐயா. ஏன்?”

“யாராச்சும் செத்திருக்காங்களா?”

“இல்லயே. எல்லாரும் நல்லா இருந்து பென்சன் எடுத்துக்கிட்டுப் போனவங்கதான். என்னா, கனவு கண்டியா?”

ஜொய்சி வீட்டுக்குத் திரும்பினாள். யாராவது செத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஃபாதரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்து ஒரு ஜெபம் வைத்திருக்கலாம். பென்சன் எடுத்துக்கொண்டு சுகமாகப் போனவர்களுக்கு என்ன ஜெபம் வைப்பது? லோரன்ஸோ போனில், தரைக்கடியில் பாறை இருக்கும், வெயில் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்றான். இங்கே வெயில் அடித்து மூன்று வாரம் ஆகிறது என்று அவள் சொல்லும்போது, கடைக்கு ஆள் வந்துவிட்டது, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

அடுத்த கிழமை காற்றில் ஆல்பீசியா மரம் சரிந்து கம்பியில் விழுந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் சாயந்தரமே மிக்சர் சுருண்டு, தொட்டால் ஈரத் துணி மாதிரி ஆகிவிட்டது. ஸ்டெபானி பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதால் அவளுக்கு இழுப்பு வரும், நெஞ்சுக்குள் பூனை கத்துகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு ஜொய்சி ஒன்றும் யோசிக்கவில்லை. பெட்டியைத் திரும்பத் தரையில் இருந்த சூட்டின் மேலேயே இழுத்து வைத்தாள். பல்லிக்கு அவ்வளவு சூடு கூடாது என்று உள்ளே ஒரு ஓட்டுத் துண்டைப் போட்டு, அதன் மேல் மிக்சரைக் கிடத்தினாள். பத்து நிமிஷத்தில் அது தலையைத் தூக்கியது. கரண்ட் வந்ததும் ஓட்டின் மேல் அளந்து பார்த்தாள். முப்பத்திரண்டு, சரியாக.

அதற்குப் பிறகு விரிப்பைச் சுருட்டி அலுமாரி மேல் போட்டுவிட்டாள். சும்மா கிடைக்கிற சூடு, கரண்ட் போனாலும் போகாத சூடு. அது ஏன், எங்கிருந்து என்று கேட்டுக்கொண்டிருந்தால் தோட்டத்தில் குடித்தனம் நடத்த முடியுமா? இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் வீடு கூட்டினாள். மிக்சரின் வால் ஒரே மாதத்தில் பெருவிரல் பருமனுக்குக் கொழுத்தது. லோரன்ஸுக்குப் படம் அனுப்பியபோது கடையில் எல்லோருக்கும் காட்டினேன் என்று எழுதினான்.

ஒரு நாள் மட்டும், தரை கழுவ வேண்டுமென்று, பெட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றி விரிப்பைத் திரும்பப் பொருத்தினாள். மெஷின் முப்பத்திரண்டு காட்டியது. மிக்சர் அந்த முப்பத்திரண்டின் மேலேயே வயிற்றை வைத்துக் கிடந்தது. கிடந்தபடியே விறைத்தது. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய், தோல் சாம்பல் பூத்து, மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியதாகிவிட்டது. அடியில் கண்ணாடி சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூடு அதற்குள் போகவில்லை. பழைய இடத்துக்குக் கொண்டுபோனதும் எழுந்து நடந்தது. பல்லிக்குக்கூடப் பிடிவாதம் பார் என்று ஜொய்சி திட்டினாள். திட்டும்போது குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

ஜூன் கடைசியில் ஸ்டெபானிக்கு இழுப்பு கூடிவிட்டது. படுத்தால் இழுத்தது, உட்கார்ந்தால் இருமியது. ஜொய்சி தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறவள். கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் போகிற தாய்மாரின் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொள்வாள். மழை நாளில் அவள் ஒரு காரியம் செய்வதுண்டு. நோஞ்சான் பிள்ளையைக் கொழுகொழுவென்ற பிள்ளையின் பக்கத்தில், ஒரே போர்வைக்குள் அணைத்துப் படுக்க வைப்பாள். ஒன்றின் சூட்டை மற்றது வாங்கிக்கொண்டு இரண்டும் நன்றாகத் தூங்கிவிடும். பதினோரு வருஷமாகச் செய்கிறாள், எந்தப் பிள்ளைக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் செய்தாள். பெட்டியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, ஸ்டெபானியின் பாயைத் தரைச் சூட்டை ஒட்டி விரித்தாள்.

விரிக்கும்போதே கவனித்தாள். முன்னால் முறம் அளவுக்கு இருந்தது இப்போது பாயின் நீளத்துக்கு இருந்தது.

பிள்ளைக்கு இழுப்பு நின்றுவிட்டது. அன்றைக்கே நின்றது. ஐந்து நாள் மருந்துக் குழாயைத் தொடவே இல்லை. ஜொய்சி மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து நன்றி சொன்னாள். ஆறாம் நாள் ஸ்டெபானி பாயை ஒதுக்கிவிட்டு வெறும் சிமெந்தில் குப்புறக் கிடந்தாள். கன்னத்தைத் தரையில் ஒட்டி, கையையும் காலையும் பரப்பி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு.

“எழும்பு பாப்பா, நேரமாகுது.”

“கொஞ்சம் இருங்கம்மா. இன்னும் சூடு ஏறல.”

ஏறிய பிறகுதான் எழுந்தாள். காலையில் எழுந்திருக்க அரை மணி நேரம் ஆனது, பிறகு ஒரு மணி நேரம். சோறு இரண்டு வாய்தான். பேச்சு மெதுவாகியது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஜொய்சி காத்திருக்க வேண்டியிருந்தது. மழையில் நனைந்து வந்தாலும் உடம்பு நடுங்கவில்லை. நல்லதுதானே என்று சொல்லிக்கொண்டாள். ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும்போது ஒரே கோப்பையை மூன்று தரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

வெள்ளம் ஏறி ஸ்கூலுக்கு லீவு விட்ட நாள், ஸ்டெபானியையும் பிள்ளைமடுவத்துக்குக் கூட்டிப்போனாள். கொரோனா காலத்தில் தோட்டத்தில் ஒரு வெள்ளைத் துவக்கு கொடுத்திருந்தார்கள். பிள்ளையின் நெற்றிக்கு நேரே பிடித்து விசையை அமுக்கினால் காய்ச்சல் எவ்வளவு என்று காட்டும். கொரோனா போய் வருஷங்கள் ஆகியும் அதை நிறுத்தச் சொல்லி ஒருவரும் உத்தரவு போடவில்லை, அதனால் ஜொய்சி தினமும் காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அமுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு புள்ளி நாலு. முப்பத்தாறு புள்ளி ஏழு. மனுஷ உடம்புக்கு மட்டும்தான் அது எண் காட்டும். சுவருக்கோ கதவுக்கோ பிடித்தால் ‘லோ’ என்று இரண்டு எழுத்துத்தான் விழும்.

வரிசையின் கடைசியில் ஸ்டெபானி நின்றாள். ஜொய்சி அமுக்கினாள்.

லோ.

துவக்கைத் தட்டினாள். பக்கத்துப் பிள்ளைக்குப் பிடித்தாள். முப்பத்தாறு புள்ளி ஐந்து. திரும்ப மகளுக்குப் பிடித்தாள். லோ. நெற்றியில் கை வைத்தாள். மழையில் நனைந்த கல்.

“பாப்பா, குளிருதா?”

ஸ்டெபானி யோசித்தாள். இமை மெதுவாக மூடி, மெதுவாகத் திறந்தது. “இல்லம்மா. வீட்டுக்குப் போவோமா? படுக்கணும்.”

அடை மழைக்கு வேலை நிறுத்தியதால் பத்து மணிக்கே தாய்மார் வந்து பிள்ளைகளைத் தூக்கிப்போய்விட்டார்கள். ஜொய்சி துவக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு மகளோடு வீட்டுக்கு நடந்தாள். பகல் பதினொரு மணிக்குச் சாயந்தரம் மாதிரி இருட்டியிருந்தது. வீட்டுக்குள் காலை வைத்ததும் ஸ்டெபானி கையை உருவிக்கொண்டுபோய்ச் சுவரோரம் குப்புறப் படுத்துவிட்டாள். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்துக்குக் கீழே வேறு ஒரு சத்தமும் கேட்கவில்லை, பிள்ளையின் மூச்சுகூட. ஈரச் சிமெந்தின் நாற்றமும், பெட்டிக்குள் இருந்து மிக்சருக்குப் போடும் புழுவின் தவிட்டு வாடையும், அவற்றுக்கு நடுவில் இதமான இன்னொரு வாசமும் வந்தது. அந்த வாசத்தை ஜொய்சிக்குத் தெரியும். பதினோரு வருஷமாகத் தினமும் மோந்த வாசம் அது. தூங்குகிற பிள்ளையின் உச்சந்தலை வாசம். மகளின் தலையை மோந்து பார்த்தாள். அங்கே அந்த வாசம் இல்லை.

பையில் இருந்து துவக்கை எடுத்தாள். சுவருக்குப் பிடித்தாள். லோ. அலுமாரிக்கு, லோ. மிக்சருக்கு, லோ. மகளின் முதுகுக்கு, லோ. மகளுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் தரைக்குப் பிடித்தாள்.

முப்பத்தாறு புள்ளி ஆறு.

இன்னும் நாலு விரல் தள்ளிப் பிடித்தாள். முப்பத்தாறு புள்ளி ஆறு. அதற்கும் அப்பால், லோ. எண் முடிந்து எழுத்து தொடங்குகிற இடத்தில் மகள் பலகையில் எழுதும் வெண்கட்டியால் ஒரு புள்ளி வைத்தாள். முழங்காலால் நகர்ந்து நகர்ந்து, அமுக்கி அமுக்கி, சுற்றிவரப் புள்ளி வைத்தாள். நூறு புள்ளிக்கு மேல் இருக்கும். பிறகு எழுந்து நின்று பார்த்தாள்.

உருண்டையாகத் தலை. கழுத்து. ஒருக்களித்த முதுகு. மடக்கிய முழங்கால். ஒரு கை தலைக்குக் கீழே, ஒரு கை முன்னால் நீட்டி. ஸ்டெபானியின் உயரம்தான். விரற்கடைகூட வித்தியாசம் இல்லை.

புள்ளிகளில் நீட்டியிருந்த அந்தக் கைக்கு நேரே துவக்கைத் திரும்பப் பிடித்தாள்.

லோ.

சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள். குனிந்து பிடித்தாள். லோ. புள்ளிகளுக்குள்ளே கை இருந்த இடம் முழுக்க லோ. கொஞ்சம் மேலே கொண்டுபோனாள். இன்னும் கொஞ்சம். ஸ்டெபானியின் கூந்தல் தரையில் பரவிக் கிடந்த இடத்துக்கு நேரே எண் வந்தது. முப்பத்தாறு புள்ளி ஆறு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூந்தலில் ஒரு பிரி மட்டும் மெல்ல விலகி, காதுக்குப் பின்னால் போய்ப் படிந்தது.

ஜொய்சி மகளை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

லயத்து முடக்கில், பாதை வளையும் இடத்தில், சதீஸின் த்ரீவீலர் நின்றது. சதீஸ் தோட்டத்துப் பையன்தான், மழைக்கு உள்ளேயே சுருண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆஸ்பத்திரிக்கு. சுருக்கா.”

“ஹரி ஹரி, சரி, ஏறுங்கக்கா.”

ஆஸ்பத்திரி ஒன்பது மைல்கட்டை தூரம். முதல் முடக்கிலேயே, சூடு ஏறுமுன்னே தூக்கிவந்த ஸ்டெபானியின் தலை சாய்ந்தது. “அம்மா” என்றாள். அடுத்த சொல் வரவில்லை. ஜொய்சி சட்டைப் பொத்தானைப் பிய்த்துப் பிள்ளையை வெறும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பெற்றதும் நர்ஸ் அப்படித்தான் அவள் நெஞ்சில் கிடத்தினாள். அன்றைக்கு அந்த உடம்பு அவள் சூட்டை உறிஞ்சு உறிஞ்சென்று உறிஞ்சிக்கொண்டது. இன்றைக்கு நெஞ்சில் ஒரு மூட்டை ஈர மண்ணைக் கட்டிக்கொண்டது போலிருந்தது. எடுத்துக்கடி, எடுத்துக்கடி என்று மகளின் காதுக்குள் சொன்னாள். தேய்த்தாள். ஊதினாள். அவளுக்கு வியர்த்தது. பிள்ளைக்குள் ஒன்றும் போகவில்லை.

விரல்கள் மடங்கியபடியே விறைத்தன. ஒரு மூச்சு வந்தது. இன்னொன்று வருவதற்குள் த்ரீவீலர் இரண்டு முடக்குத் திரும்பியது. பிறகு மூன்று. தோல் சாம்பல் பூத்தது. கண் உள்ளே போனது.

அதை அவள் பார்த்திருக்கிறாள். எதிர்ச்சுவரோரம், முப்பத்திரண்டின் மேலேயே கிடந்து விறைத்த பல்லியிடம் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் போர்வை போடுவார்கள், விளக்குப் போடுவார்கள், சுடுதண்ணிப் போத்தல் வைப்பார்கள். ஒன்றும் உள்ளே போகாது. இன்னும் ஏழு கட்டை. திரும்பினால் இரண்டு.

“திருப்பு.”

“என்னக்கா? ஆஸ்பத்திரி…”

“திருப்புன்னு சொல்றேன்.”

வாசலில் சதீஸ் என்னவோ கேட்டான். கதவைச் சாத்திவிட்டுப் போ என்றாள். பிள்ளையைச் சுவரோரம் கொண்டுபோனாள். முழங்காலில் விழுந்தாள். கிடத்தினாள். குப்புற. கன்னம் தரையில் படும்படி. கையையும் காலையும் அவளே பரப்பிவிட்டாள்.

காத்திருந்தாள்.

மழை.

இன்னும் இல்லை.

இயேசுவே, இன்னும் இல்லை.

சுண்டுவிரல் அசைந்தது.

முதுகு ஒரு தரம் ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு தரம். சாம்பல் போய்த் தோலில் நிறம் வந்தது. ஸ்டெபானி இமையைத் திறந்தாள். ஒரு பக்கத்துக் கண் மட்டும் அம்மாவைப் பார்த்தது.

“அம்மா.”

“என்னடா தங்கம்.”

“எனக்கு எடம் விட்டுருச்சு.”

ஜொய்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. சத்தம் போடக்கூடாது என்று தோன்றியது. துவக்கு பக்கத்திலேயே தரையில் கிடந்தது, அதைக் காலால் தள்ளிவிட்டாள். எழுந்து கொடியில் இருந்து நீலப் படுக்கை விரிப்பை எடுத்தாள். உதறினாள். அது காற்றில் ஊதிப் பெருத்து, மெல்ல இறங்கி, மகளின் மேல் படிந்தது. தலைக்கு ஒரு மேடு. முதுகுக்கு ஒரு மேடு. கால்.

அதற்குப் பக்கத்தில், வெறும் தரையில், இன்னொரு தலை. இன்னொரு முதுகு.

விரிப்பு இரண்டின் மேலும் படிந்தது. இரண்டும் மூச்சு விட்டன. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியது. ஜொய்சி அசையவில்லை. ஓடத் தோன்றவில்லை. விரிப்பைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது அவளுக்கு இருந்த பயமெல்லாம், அது எழுந்து போய்விடுமோ என்பதுதான். மெதுவாகக் குனிந்தாள். மகளின் பக்கத்து ஓரத்தைச் செருகினாள். சுற்றிப் போய், மறுபக்கத்து ஓரத்தையும், குளிர் புகாதபடி, உள்ளே நன்றாகச் செருகிவிட்டாள். விரலில் ஒரு சின்னக் குதிகால் பட்டது. சுடச்சுட இருந்தது.

விரிப்புக்குள் அந்த இரண்டாவது மேடு சோம்பலாகப் புரண்டு, ஒரு கையைத் தூக்கி, ஸ்டெபானியின் முதுகின் மேல் போட்டுக்கொண்டது.